கைமாறும் டர்போ வண்டியை ஆராயுமாறு

பட்டின் நலமும் தீங்கும் அறிவதில் ஆரணி நகரத்தாரை ஏய்ப்பது எளிதன்று. விற்போன் சேலையை விரித்து முந்தானையின் அழகைக் காட்டுவான். கொள்வோனோ அதனைப் புரட்டி மறுபுறத்தையே முதற்கண் நோக்குவான். ஊடையினின்று ஓரிழையை உருவித் தீயிற் காட்டி, மயிர் கருகும் நாற்றம் எழுகின்றதா, எஞ்சிய கரி விரலிடையே பொடியாகின்றதா என்று பார்ப்பான். சரிகையை உரைத்துப் பார்ப்பான். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றதென்று சொல்லிவிட்டதனால் மட்டும் அவன் மடியினின்று பணம் வெளிவருவதில்லை. இத்துணைக் கூர்த்த நோக்குடைய அம்மக்களே, பிறரொருவர் ஐந்தாறு யாண்டு ஓட்டி விற்கும் கார் ஒன்றை வாங்கப் புகுங்கால், மெருகிட்ட வண்ணத்திலும் புதிதாய்த் தைத்த இருக்கை உறையிலும் மனம் பறிகொடுத்து, பானெட்டைத் திறவாமலே முன்பணம் கொடுத்து மீளுகின்றனர். இதனை நாம் பலகாற் கண்டிருக்கின்றோம்.

தமிழிலக்கியம் பயிலும் நமக்கு எஞ்சின் ஆராய்ச்சி எற்றுக்கு என்று நம் கல்லூரித் தோழர் சிலர் நகையாடலாம். காரணம் உண்டு. எமக்குத் தமையன் முறையினர் ஒருவர் ஆரணியில் நான்கு தறி வைத்து நெய்விப்பவர். காஞ்சிபுரத்துக் கடைகளுக்குச் சேலைக்கட்டுகளைப் பேருந்தில் ஏற்றியிறக்கும் வருத்தம் ஒருபுறம். விரைந்தோடும் வண்டியின்மேல் இளமைதொட்டே அவர் கொண்ட வேட்கை மற்றொருபுறம். இவ்விரண்டும் கூடி, இரு தறிகளை விற்று, டர்போ பொருத்திய பழைய கார் ஒன்றைக் கொள்வதென்று அவர் துணிந்தார். நெசவுக் குடும்பத்தில் தறி என்பது வீட்டில் உள்ள ஓர் ஆள் போன்றது. அதனை விற்ற பணம் ஆறு திங்களில் நீலப்புகையாய்ப் போகுமாயின் மீட்பதற்கு வழியில்லை. அவர் பொருட்டு யாம் படித்துத் திரட்டியவையும், வேலூரிலும் ஆரணியிலும் மெக்கானிக்குகள் சிலர் எம்மை அருகே நிறுத்திக் கைதொட்டுக் காட்டியவையுமே ஈண்டு எழுதப்படுகின்றன.

டர்போ என்பது இலத்தீன் மொழிச் சொல். பம்பரம், சுழற்காற்று என்னும் இரு பொருளும் அதற்குண்டு. பெயர் பொருத்தமானதே. ஒரே அச்சின் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள் உள்ளன. எஞ்சினினின்று வெளியேறும் சுடுபுகை ஒன்றைச் சுழற்றும். அது சுழலவே மற்றதும் சுழன்று, வெளிக்காற்றை ஈர்த்து அழுத்திச் சிலிண்டர்களுக்குள் செலுத்தும். காற்று மிகுதியாகப் புகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும். சிறிய எஞ்சின் பெரியதன் வலிமையைக் காட்டும். கொல்லன் உலைக்குத் துருத்தி ஊதுகின்றான். ஈண்டோ உலையின் புகையே துருத்தியை இயக்குகின்றது. இவ்வுபாயத்திற்கு 1905-ஆம் ஆண்டில் உரிமைப்பட்டயம் கோரியவர் ஆல்பிரட் பியூக்கி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர். கப்பலிலும் விமானத்திலும் பயின்ற பின்னரே அது காரில் ஏறியது.

காரில் ஏறிய கதையும் அறியத்தக்கது. 1962-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போவுடன் விற்பனைக்கு வந்த முதற் கார்களுள் ஒன்று. அதன் எஞ்சினில் அழுத்தம் மிகுதி. எரிபொருள் காலமல்லாக் காலத்தில் வெடித்து எஞ்சினைச் சிதைக்காதிருக்க, நீரும் மெத்தில் ஆல்கஹாலும் கலந்த நீர்மம் ஒன்று தனித் தொட்டியினின்று உள்ளே தெளிக்கப்பட்டது. உரிமையாளர் பலர் அத்தொட்டியை நிரப்ப மறந்தனர். தொட்டி வறண்டவுடன் வண்டி தன்னைக் காத்துக்கொள்ள வலிமையைக் குறைத்துக்கொண்டது. வண்டி ஓடவில்லை என்ற குறை மலிந்தது. ஈராண்டுக்குள் அவ்வகை வண்டியே நின்றுபோயிற்று. டர்போவைக் கழற்றிவிட்டுப் பழைய முறைக் கார்புரேட்டரைப் பொருத்திக்கொண்டாரும் பலர். அறுபது ஆண்டுகட்குமுன் நேர்ந்த இந்நிகழ்ச்சியில், கைமாறிய டர்போ வண்டியின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கின்றது. பொறி நுட்பமானது, அதனைப் பேணாதவன் கையிலிருந்து வருமாயின் அடுத்தவன் அதற்கு விலை கொடுக்கவேண்டும்.

இனி நம் நாட்டு வண்டிகள். சென்னைக்கு அருகே மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 2013 முதல் ஈகோஸ்போர்ட் என்னும் வண்டியை இந்தியாவில் விற்றது. 1 லிட்டரும் மூன்று சிலிண்டரும் உடைய அதன் டர்போ எஞ்சின் 125 குதிரைத்திறன் தந்தது. அத்தொழிற்சாலை 2022-இல் காரோட்டம் நின்று அடங்கியது. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-இலும், மாருதி பலேனோ ஆர்எஸ் 2017-இலும் வந்தன. இரண்டும் இப்போது புதிதாய்க் கிடைப்பனவல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் செய்யும் ஐ20 என் லைன் 2021-இல் வந்தது. நமக்கு நெருங்கிய உறவுடையது கோயம்புத்தூரின் கைவண்ணம். அந்நகரத்து ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனம் டாட்டா மோட்டார்சுடன் கூடி, டியாகோ, டிகோர் என்னும் எளிய வண்டிகளை எடுத்து, 1.2 லிட்டர் டர்போ எஞ்சினும் இறுக்கிய சஸ்பென்ஷனும் அமைத்து, ஜேடிபி என்னும் பெயரால் 2018 அக்டோபரில் வெளியிட்டது. பொது டியாகோவின் 85 குதிரைத்திறன் அதில் 114 ஆயிற்று. விலையோ 7 இலட்சத்திற்கும் குறைவாகத் தொடங்கியது. விரைவு என்பது செல்வர்க்கே உரியதென்னும் எண்ணத்தைக் கொங்குநாட்டார் ஒருவாறு மாற்றினர் என்னலாம். 2020 ஏப்ரலில் புதிய புகைநெறி நடைமுறைக்கு வந்தபோது அவ்வண்டிகளின் விற்பனை முடிந்தது. ஆதலின் இன்று ஜேடிபி வேண்டுவோர்க்குக் கைமாறிய வண்டியே கதி. எமது தமையனார் நாடியதும் அதுவே.

எவ்வகை வண்டியாயினும் ஆராய்ச்சி எண்ணெயினின்று தொடங்குக. டர்போவின் அச்சு நிமிடத்திற்கு ஓரிலட்சம் சுற்றையும் கடந்து சுழலும். சிறிய டர்போக்கள் இரண்டு இலட்சத்தையும் எட்டுவதுண்டு. இவ்வளவு விரைவில் உலோகம் உலோகத்தைத் தொடுமாயின் நொடியில் தேய்ந்துவிடும். ஆகலின் அச்சு தாங்கியைத் தொடுவதில்லை. எஞ்சினே அனுப்பும் எண்ணெய்யின் மெல்லிய படலத்தின்மேல் மிதந்து சுழல்கின்றது. அப்படலம் மயிரிழையினும் மெல்லியது. அதன் ஒரு பக்கத்தே பெட்ரோல் எஞ்சினின் புகை 900 பாகை செல்சியசையும் தாண்டும் வெம்மையுடன் பாய்கின்றது. விரைந்தோட்டி வந்த ஒருவன் வாயிலில் நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவானாயின், எண்ணெய்யின் ஓட்டம் நிற்கும்; வெம்மை நிற்காது. தேங்கிய எண்ணெய் அடிப்பிடித்த பால்போலக் கருகிக் கரியாகும். அக்கரி நாளடைவில் எண்ணெய் வரும் நுண்குழாயை அடைக்கும். பின்னர் அச்சு எண்ணெய்யின்றிச் சுழன்று மாளும். புதிய டர்போக்களுக்குக் கூலன்ட் நீரோட்டமும் உண்டாதலின் இத்தீமை குறைந்துளது, ஒழிந்திலது.

இதனைக் கண்டறிவது எங்ஙனம்? முதலில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தை நோக்குக. தேன் நிறமோ பழுப்போ ஆயின் அஞ்சவேண்டா. கருந்தார்போல் கெட்டியாய் ஒட்டியிருந்தால் எண்ணெய் மாற்றும் காலங்கள் தப்பியுள்ளன என்பது ஒருதலை. அளவுகோலை உருவிப் பார்க்குங்கால், எண்ணெய் குறைந்திருப்பினும் தீது. அளவுக்கு மேல் நிறைந்து பெட்ரோல் நாற்றம் வீசினும் தீது. அடுத்து, ரசீதுகளைக் கேட்டு வாங்குக. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இடுவது எளிது. எந்தத் தர எண்ணெய் எத்தனை லிட்டர் ஊற்றினர் என்று காட்டும் ரசீதோ எளிதில் உண்டாக்கப்படுவதன்று. நிறுவனம் விதித்த தரமல்லாத மலிவெண்ணெய் ஒருமுறை ஊற்றப்பட்டிருப்பினும் டர்போ வண்டியில் அது பெருங்குற்றம்.

பின்னர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே காற்றுக்குழாயைக் கழற்றி, டர்போவின் குளிர்ப்புறச் சக்கரத்தை விரலால் தொட்டறியுமாறு மெக்கானிக்கிடம் சொல்லுக. பக்கவாட்டில் சிறிதளவு ஆட்டம் இருப்பது இயல்பு. மேற்சொன்ன எண்ணெய்ப்படலத்திற்கு இடம் வேண்டுமன்றோ? ஆனால் சக்கரத்தின் இதழ்கள் சுற்றுச்சுவரை உரசுதல் கூடாது. அச்சு முன்னும் பின்னுமாக நகர்வது கைக்குத் தெரியுமாயின் அவ்வளவில் பேச்சை முடித்துக்கொண்டு எழுந்துவிடலாம். இதழ்களின் ஓரம் பல்பல்லாய்ச் சிதைந்திருந்தால் தூசியோ கல்லோ உள்ளே புகுந்துளது. நம் ஆரணிப் பக்கத்து வண்டிகளில் இதனை இருமுறை நோக்கவேண்டும். அரிசி ஆலைகள் மலிந்த ஊர். தவிட்டுத்தூளும் உமிச்சாம்பலும் காற்றிலேயே மிதப்பன. காற்று வடிகட்டியை மாற்றாது விட்டவனுடைய வண்டியும், வடிகட்டிக்கு அப்பால் குழாய் தளர்ந்த வண்டியும் உமிச்சாம்பலை நேரே உண்டு பழகியவை.

இன்டர்கூலருக்குச் செல்லும் பருத்த ரப்பர்க் குழாய்களின் மூட்டுகளில் எண்ணெய்க் கசிவு மெல்லிய பூச்சாய் இருப்பது பெரும்பாலும் பொறுக்கத்தக்கது. குழாயைக் கழற்றினால் எண்ணெய் வழியுமாயின் பொறுக்கத்தக்கதன்று. பழைய ரப்பர் வெடித்திருந்தால் அழுத்திய காற்று வெளியேறிவிடும், முடுக்கும்போது சீறல் கேட்கும், வண்டியோ சோம்பும். இது மலிவான குற்றம். குழாய் ஒன்றை மாற்றித் தீர்ந்துவிடும் குற்றத்திற்கு எஞ்சினே போயிற்று என்று அஞ்சி நல்ல வண்டியை விட்டாரும் உளர்.

குளிர்ந்த எஞ்சினை முதன்முறை இயக்கும் அந்த நிமிடத்தை எக்காரணத்தாலும் இழக்கலாகாது. தரகர் சிலர் நாம் வருமுன்னரே எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி வைப்பர். ஆகவே சென்றவுடன் பானெட்டின்மேல் கைவைத்துப் பார்க்க. சூடாயிருந்தால், தேநீர் அருந்தி வருவதாகச் சொல்லி இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்புக; அல்லது மறுநாட் காலை வருவதாகக் கூறுக. வேலூர்த் தரகர் ஒருவரிடம் எமது தமையனார் அங்ஙனம் கூறியபோது, அவர் முகம் வேறுபட்டதை யாம் கண்டோம். மறுநாள் விடியலில் எஞ்சினை எழுப்பியபோது நிகழ்ந்தது வருமாறு: முதல் ஐந்து நொடி சங்கிலி குலுங்குவதுபோல் ஓசை, பிறகு அமைதி. ஐந்து நிமிடம் வறிதே ஓடவிட்டு ஒருமுறை முடுக்கியவுடன் சைலன்சரினின்று நீலப்புகை ஒரு பொதி எழுந்து சுவரில் மோதிற்று. நீலப்புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். வறிதே ஓடியபின் முடுக்கும்போது அது எழுமாயின் டர்போவின் அடைப்போ, வால்வுகளின் அடைப்போ தேய்ந்துள்ளது என்று ஐயுறலாம். கரும்புகை பெட்ரோல் மிகை. சூடேறிய பின்னரும் நீங்காது இனிப்பு நாற்றத்துடன் வரும் வெண்புகை, கூலன்ட் சிலிண்டருக்குள் கசிவதைக் காட்டும்; அது மூவற்றுள்ளும் கொடியது. பனிக்காலத்து விடியலில் சற்றே தோன்றி மறையும் வெண்புகை வெறும் நீராவி, அதற்கு அஞ்சற்க.

அவ்வண்டி ஜேடிபி, சிவப்பு நிறம், கண்ணைக் கவர்வது. தமையனார் அதனருகே நெடுநேரம் நின்றார். தரகர் விலையை ஒருமுறை குறைத்தார், மீண்டும் குறைத்தார். டர்போ ஒன்றையே மாற்றுவதாயினும் அச்செலவு நான்கைந்து பட்டுச்சேலை நெய்யும் கூலியில் அடங்குவதன்று என்று உடன்வந்த மெக்கானிக் மெல்லச் சொன்னார். யாம் பேருந்தேறி ஊர் திரும்பினோம். வழியெல்லாம் தமையனார் எம்முடன் ஒரு சொல்லும் ஆடவில்லை. இரு தறிகளும் இன்னும் அவர் வீட்டிலேயே உள்ளன; ஒன்றில் அரக்குநிறப் பாவு ஏறியிருக்கின்றது.

நிற்க. நேரடியாகச் சிலிண்டருக்குள் எரிபொருள் தெளிக்கும் எஞ்சின்களுக்குத் தனிக் குற்றம் ஒன்றுண்டு. முன்னைய எஞ்சின்களில் பெட்ரோல் வால்வின் முதுகை நனைத்துச் செல்லும்; அழுக்கும் கழுவப்படும். நேர்த்தெளிப்பு எஞ்சினில் பெட்ரோல் வால்வைத் தொடுவதேயில்லை. எண்ணெய் ஆவி வால்வில் படிந்து கரிப்பாறையாகும். ஈகோஸ்போர்ட், போலோ ஜிடி, ஐ20 என் லைன் ஆகியவை இவ்வகையின. விடியலில் எஞ்சின் தடுமாறி ஓடுதல், முடுக்கத்தில் துடித்தல் ஆகியன இதன் குறிகள். ஆனால் தேய்ந்த பிளக்கும் பழுதுற்ற காயிலும் இதே குறிகளைக் காட்டுமாதலின் முதலில் மலிவானவற்றை ஐயுறுக. டர்போ வண்டியில் அழுத்தம் மிகுதியாதலின் பிளக்குகள் விரைவில் தேய்வன.

இன்னொன்று: உயர்ந்த கியரில் மெதுவாகச் செல்லும்போதே காலை முற்ற அழுத்தி ஓட்டும் பழக்கம். டர்போ வண்டியில் இது பெருந்தீங்கு. கலவை தானே முன்கூட்டி வெடித்து, பிஸ்டனின் விளிம்பையே பெயர்த்துவிடுவதுண்டு. பழைய உரிமையாளர் எங்ஙனம் ஓட்டினார் என்று எப்படி அறிவது? அவரையே ஓட்டச் சொல்லி, அருகே அமர்ந்து பார்க்க. மூன்றாங் கியரில் ஏறவேண்டிய மேட்டை ஐந்தாங் கியரில் எஞ்சின் முனக முனக ஏற்றுவாராயின் நமக்குச் செய்தி கிடைத்துவிட்டது. பத்துக் கேள்வி கேட்பதினும் இது நன்று.

சில வண்டிகட்கு உரிய தனிக்குறைகளையும் சொல்லவேண்டும். ஈகோஸ்போர்ட்டின் 1 லிட்டர் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் ரப்பர்ப்பட்டை வெளியே ஓடாது எண்ணெய்யினுள்ளேயே நனைந்து ஓடுவது. ஓசை குறைவு, உராய்வும் குறைவு. ஆனால் தகாத எண்ணெய் ஊற்றப்பட்டால், அல்லது எண்ணெய் காலங்கடந்து கெட்டால், பட்டை ஊறி உதிரும். உதிர்ந்த துகள்கள் எண்ணெய்ப் பம்பின் சல்லடையை அடைக்கும். எண்ணெய்யின் அழுத்தம் வீழும். முதற்கண் இறப்பது டர்போ, அடுத்து எஞ்சின். ஒன்றன் நோய் மற்றொன்றைக் கொல்லுமாறு காண்க. ஆதலின் அவ்வண்டியில் எண்ணெய் மூடியின் துளைவழியே விளக்கொளி செலுத்திப் பட்டையின் ஓரம் பிரிந்துளதா என்று நோக்கவேண்டும். மாற்றிய ரசீது இன்றேல் அச்செலவை விலையினின்று கழித்துக் கேட்கவேண்டும். நிறுவனம் நாட்டில் கார் செய்வதை நிறுத்தியதனால் எல்லா உறுப்புகளும் எல்லா ஊரிலும் உடனே கிட்டும் என்று நம்பியிருப்பதும் தகாது.

போலோ ஜிடியின் முதல் வகையில் குறை எஞ்சினைவிடக் கியர்ப்பெட்டியில் மிகுதி. ஏழு கியரும் இரண்டு உலர் கிளட்சும் உடைய தானியங்கிப் பெட்டி அது, டிஎஸ்ஜி என்பர். ஒரு கிளட்ச் ஒரு கியரைப் பற்றியிருக்க, மற்றது அடுத்த கியரை ஏந்திக் காத்திருக்கும்; மாற்றம் கண்ணிமைப் பொழுதில் நிகழும். நெடுஞ்சாலையில் இன்பம். ஆனால் ஆரணிக் கடைத்தெருவில் முகூர்த்த நாட்களில் அரையடி அரையடியாக ஊர்ந்து செல்லுங்கால் அக்கிளட்சுகள் வழுக்கி வழுக்கிச் சூடேறித் தேயும். மேலும் அப்பெட்டியின் மூளையும் எண்ணெய் அழுத்தமும் கூடிய மெக்கட்ரானிக் என்னும் உறுப்பு பழுதுறுமாயின் செலவு பெரிது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே 2013-ஆம் ஆண்டின் இறுதியில் பல நாடுகளில் இவ்வகை வண்டிகளைத் திரும்ப அழைத்து, பெட்டியிலிருந்த செயற்கை எண்ணெய்யை நீக்கித் தாது எண்ணெய் இட்டது. இதனைச் சோதிக்க வேகம் வேண்டா, மந்தம் வேண்டும். கூட்டத்தின் நடுவே அரைமணி நேரம் ஊர்ந்து செல்லுக. முதலாங் கியரினின்று இரண்டாவதற்கு மாறும்போது வண்டி உதறுகின்றதா, பின்னோக்கி நகர்த்துங்கால் நடுங்குகின்றதா என்று உணர்க. 2020-இல் வந்த போலோவில் 1 லிட்டர் எஞ்சினும், டிஎஸ்ஜி அல்லாத ஆறு கியர்த் தானியங்கிப் பெட்டியும் இடம்பெற்றன. ஆதலின் ஆண்டு அறியாது பெயர் மட்டும் அறிந்து வாங்குவது பேதைமை.

பலேனோ ஆர்எஸ் வண்டியில் குறை பிரேக்கைச் சார்ந்தது. 2016 அக்டோபர் 27 முதல் 2019 நவம்பர் 1 வரை செய்யப்பட்ட 7,213 வண்டிகளை மாருதி நிறுவனம் 2023 ஏப்ரலில் திரும்ப அழைத்தது. பிரேக்கிற்குத் துணைசெய்யும் வெற்றிடப் பம்பில் குறை இருக்கலாமென்பது காரணம். பம்பு தளரின் பிரேக் பெடலை மிகுந்த வலிமையோடு மிதிக்கவேண்டி வரும். விரைந்தோடும் வண்டியில் இதனினும் அஞ்சத்தக்கது யாது? இலவசமாய் மாற்றித்தரும் இப்பணி செய்யப்பட்டதா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொண்டு அந்நிறுவனத்துப் பணிமனையில் வினவி அறியலாம். எவ்வகை வண்டிக்கும் இவ்வாறு வினவுதல் நன்று. காசு செலவில்லாத ஆராய்ச்சி இது ஒன்றே.

விரைவு விரும்புவோர் கையிலிருந்த வண்டிக்கு இன்னுமோர் ஐயம் உண்டு. எஞ்சினை ஆளும் கணினியின் கட்டளையை மாற்றி எழுதி, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவர். ரீமேப் என்பது அதன் பெயர். நெய்பவன் பன்னிரண்டு முழத்திற்கு வைத்த பாவைப் பதினான்கு முழத்திற்கு இழுப்பதை ஒத்தது அது. இழுபடும், ஆயினும் எங்கோ ஓரிடத்தில் இழை அறும். கிளட்ச், பிஸ்டன், டர்போ என்பவற்றுள் எது முதலில் அறும் என்று எவரும் சொல்லார். விற்குமுன் பழைய கட்டளையையே திரும்ப எழுதிவிடுவராதலின் கணினியைக் கேட்டுப் பயன் சிறிதே. ஆனால் காற்றுப்பெட்டியின் திருகுகளில் கருவி பட்ட வடு, இயல்பல்லாத சைலன்சர், காலமல்லாக் காலத்தில் மாற்றிய கிளட்ச் ஆகியன உண்மை உரைக்கும். ஸ்டீயரிங்கின் கீழுள்ள துளையில் சோதனைக்கருவியைப் பொருத்திக் குறிப்பெண்களையும் படிக்கவேண்டும். பி 0299 என்று தோன்றின் டர்போவின் அழுத்தம் போதவில்லையென்று பொருள். ஒரு குறிப்பும் இல்லாது, வண்டியின் தன்சோதனைகளும் நிறைவுறாதிருக்கக் கண்டால் மகிழற்க. நேற்றோ முந்தாநாளோ எவரோ பலகையைத் துடைத்திருக்கின்றனர்.

சாலைச் சோதனைக்குச் சமவெளி போதாது. வேலூர்ச் சாலையில் எந்த வண்டியும் நன்றாகவே ஓடும். போளூரினின்று ஜவ்வாதுமலைமேல் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதையில் பகல் வெயிலில் ஏற்றுக. மூன்றாங் கியரில் 2,000 சுற்றினின்று முடுக்கி, விசை ஒரே சீராய்ப் பெருகுகின்றதா, இடையில் அறுந்து அறுந்து வருகின்றதா என்று நோக்குக. மெல்லிய சீழ்க்கை டர்போவின் இயல்பான குரல். அது நாய் ஊளைபோலப் பெருகின் இயல்பன்று. காலை எடுக்கும்போது தகரம் குலுங்கும் ஓசை வருமாயின், மிகை அழுத்தத்தை வெளிவிடும் வேஸ்ட்கேட் கதவின் மூட்டு தேய்ந்துள்ளது. மலைமேல் ஏறி நிறுத்தியவுடன் வெம்மைமுள் எங்கு நிற்கின்றது என்று காண்க. கூலன்ட் தொட்டியைச் சூட்டோடு திறத்தல் ஒருபோதும் கூடாது. வீடு திரும்பி எஞ்சின் ஆறிய பின்னரே அதன் அளவைப் புறப்படுமுன் இருந்த அளவோடு ஒப்பிடுக. உரிமையாளர் இத்துணைத் தூரம் உடன்படாராயின் அவருக்கும் காரணம் இருக்கலாம். நமக்கு அது தெரியவேண்டுவதில்லை.

எரிபொருளைப் பற்றியும் ஒரு சொல். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-இல் நாடெங்கும் பரவிவிட்டது. 2023 ஏப்ரலுக்குப்பின் செய்யப்பட்ட வண்டிகள் அதற்கேற்ற குழாயும் அடைப்பும் உடையன. மேலே கூறிய வண்டிகளிற் பெரும்பாலன அதற்கு முற்பட்டவை. ஆதலின் எரிபொருள் வரும் ரப்பர்க் குழாய்களில் வெடிப்போ வீக்கமோ உண்டா என்று விரலால் அழுத்தி நோக்குக.

எழுத்து வேலை எஞ்சியுளது. வண்டியின்மேல் வங்கிக்கடன் இருந்து தீர்ந்ததாயின் அதனை நீக்கும் படிவம் 35-உம், உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, 30 ஆகியவையும், வேறு வட்டாரத்து வண்டியாயின் படிவம் 28-இல் தடையின்மைச் சான்றும் கையொப்பத்துடன் கிடைத்த பின்னரே மீதிப்பணம் கொடுக்கப்படல் வேண்டும். இன்சூரன்ஸ் ஏட்டில் முன்னர் இழப்பீடு பெற்றதன் குறிப்பு உளதா என்று நோக்குக. வெள்ளத்தில் மூழ்கிய சென்னை வண்டிகள் வடாற்காட்டுப் பக்கம் வந்து விலைபோவது புதிதன்று. இருக்கைக்கடியில் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் சேற்றின் மணம் ஆண்டுகள் கழிந்தும் சொல்லும்.

இவ்வளவும் கடந்து வண்டி நம் வீட்டு வாயிலுக்கு வருமாயின், முதல் வாரத்திலேயே எண்ணெய்யும் அதன் வடிகட்டியும், காற்று வடிகட்டியும், பிளக்குகளும் மாற்றப்படுக. பழைய ரசீதுகள் எத்துணை நன்றாயிருப்பினும் இதிற் சிக்கனம் வேண்டா. பழைய எண்ணெய்யை வடிக்குங்கால் அருகே நின்று, தட்டில் விழுவதைச் சூரிய ஒளியில் சாய்த்துப் பார்க்க. உலோகத்தூள் சரிகைபோல் மின்னுமாயின், விற்றவர் தந்த தொலைபேசி எண் அன்றைக்கேனும் எடுக்கப்படுகின்றதா என்று முயன்று பார்க்கலாம்.